கெடாமலே திருந்திய முத்துக்கருப்பன்

எம். புதுப்பட்டியில் முத்துக்கருப்பன் மாதிரி யோக்கியமான ஆளை நான் பார்த்ததில்லை. பீடி கிடையாது, பாக்கு கிடையாது, டீயில்கூடச் சர்க்கரை கம்மியாகத்தான் கேட்பான். ஆண்டவன் குணத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு முகத்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உதடு கறுத்து, ஏழு ஊர் கெட்ட பழக்கத்தையும் ஒருத்தனே எடுத்துக்கொண்ட மாதிரி இருப்பான். ரெண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனார்கள். ரெண்டு இடத்திலும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, "சாப்பாடெல்லாம் இறங்குதா?" என்று விசாரித்துவிட்டு, காபியோடு அனுப்பிவிட்டார்கள்.

வயது இருபத்தாறு. சிவகாசி ரத்தினசாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை, அம்மா இருளம்மாள் மட்டும். இருளம்மாளுக்கு முட்டி வலி வந்து வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகு, அந்த வீட்டில் உலை கொதிப்பது இவன் ஒருத்தன் கம்பெனிக் கேட்டுக்குள் நுழைவதைப் பொறுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. நடிக்க வேண்டும். ஊர்ப் பொங்கல் நாடகத்தில் வருஷாவருஷம் வேடம் கேட்பான். ஒரு வருஷம் கொடுத்தார்கள், பிணம் வேடம். சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போது பிணம் தும்மிவிட்டது. அதோடு அதுவும் போச்சு.

இது ரெண்டாயிரத்து அஞ்சு வாக்கில் நடந்தது. அப்போது டிவிக்காரர்களுக்குப் புதுசாக ஒரு யோசனை வந்திருந்தது. மாமியாரும் மருமகளும் அடித்துக்கொண்டு ஓய்ந்துவிட்டதால், வீட்டில் சும்மா இருந்த பையனைக் கெடுக்க ஆரம்பித்தார்கள். எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரு பங்களா, ஒரு மாடிப்படி, அதில் தள்ளாடி இறங்கும் பதினேழு வயதுப் பையன், கீழே அழுதுகொண்டு நிற்கும் அம்மா. பையன் எதையோ மூக்கில் உறிஞ்சுவான். அம்மா அவன் சட்டைப் பையில் பொட்டலத்தைக் கண்டுபிடிப்பாள். அதற்கு அவளுக்கு ஒரு மாதம் ஆகும், நமக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்த் தாய்மார்கள் எல்லோரும் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். கண் சிவந்திருக்கிறதா, விரலில் வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கிறதா, காகிதக் குழாய் ஏதும் வைத்திருக்கிறானா என்று டிவி சொன்ன அடையாளத்தையெல்லாம் வீட்டில் தேடினார்கள். பட்டாசு ஊரில் அலுமினியப் பவுடர் ஒட்டாத விரல் ஏது, சிவக்காத கண் ஏது? பட்டாசுக்குச் சுற்றிய காகிதக் குழாய் வீட்டுக்கு ஒரு சாக்கு கிடந்தது. அந்த அடையாளப்படி பார்த்தால் ஊரில் கெட்டுப்போகாதவர் பிள்ளையார் ஒருத்தர்தான். என் பக்கத்து வீட்டில் ஒருத்தி, ஐம்பது வயதுப் புருஷன் சட்டையை மோந்து பார்த்துவிட்டு அரை நாள் பேசாமல் இருந்தாள்.

எங்கள் பக்கம் கேபிள் டிவி நடத்தியவன் கண்ணுச்சாமி. கல்யாண வீடியோ எடுப்பான். அவனிடம் ஒருநாள் ரத்தினசாமி முதலாளியே நேரில் வந்தார். இளைஞர்கள் கெட்டுப்போவதைப் பற்றி ஒரு நாடகம் எடு, சனிக்கிழமை சனிக்கிழமை போடு, செலவு என்னுடையது என்றார். கண்ணுச்சாமி நாற்காலியைத் துடைப்பதா, அவர் காலைத் தொடுவதா என்று தெரியாமல் நின்றான்.

கதையையும் முதலாளியே சொன்னார். பையன் வெளியூர்க் காலேஜில் படிக்கிறான். போனில் பேசும்போது நாக்கு குழறுகிறது. லீவுக்கு வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறான். அம்மா கழுத்துச் சங்கிலியைக் காணோம், அவள் குளத்தில் விழுந்துவிட்டது என்று சொல்லிப் பையனைக் காப்பாற்றுகிறாள்.

"பவுடர் உறிஞ்சுற காகிதத்தை இப்படிப் பிடிக்கக் கூடாதுப்பா. இப்படி," என்று விரலை வளைத்துக் காட்டிக் கொடுத்தார்.

அத்தனை துல்லியமாக இவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. செலவு செய்கிறவரிடம் யார் கேட்பார்கள்? முதலாளியின் மகன் தருண்குமார் கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படித்தவன், படிப்புப் பாதியில் வீட்டுக்கு வந்திருந்தான். மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். மஞ்சள்காமாலைக்கு மாடி ரூமுக்கு வெளியே ஏன் தாழ்ப்பாள் போட்டார்கள் என்று அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். தெரிந்ததைப் பத்துப் பேரிடம் சொன்னேன்.

கெட்டுப்போகிற பையன் வேடத்துக்குக் கண்ணுச்சாமி ஆள் தேடி அலைந்தான். ஒரு காதுகுத்து வீட்டில் வீடியோ எடுக்கும்போது பந்தியில் முத்துக்கருப்பன் முகம் கேமராவுக்குள் வந்தது. அப்படியே நிறுத்திவிட்டான்.

"ஏலே, உனக்கு மேக்கப்பே வேண்டாம்லே," என்றான்.

மீசையை எடுத்து, ஜீன்ஸ் போட்டு, காலேஜ் பையை மாட்டி முத்துக்கருப்பனை விக்னேஷ் ஆக்கினார்கள். நாடகத்துக்குப் பெயர் 'வழுக்கிய வாலிபம்'. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அன்றைக்குப் படப்பிடிப்பு. என்னை டாக்டராகப் போட்டார்கள். எட்டாவது பெயில் ஆனவன் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டதும் படப்பிடிப்பைப் பார்க்க வந்த ரெண்டு பேர் நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.

போதைப் பவுடருக்குக் குளுக்கோஸ். முத்துக்கருப்பன் அதை உறிஞ்சுகிற மாதிரி பாவனை செய்யச் சொன்னால் நிஜமாகவே உறிஞ்சித் தும்முவான். தும்மினால் மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி ஒரு பொட்டலம். படப்பிடிப்பில் பிரியாணியும் போட்டார்கள். வாரத்துக்கு வாரம் போதையில் அழிய வேண்டிய விக்னேஷ், வாரத்துக்கு வாரம் கன்னம் உப்பிக்கொண்டே வந்தான். அது போதை மருந்தால் வந்த வீக்கம் என்று என்னை ஒரு வசனம் பேச வைத்துக் கண்ணுச்சாமி சமாளித்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பயல் நடித்தான். தீக்குச்சியை உரசி, அந்த வெளிச்சத்தில் கண்ணைச் செருகிக்கொண்டு, "அம்மா, என்னைக் கேக்காதம்மா," என்று சொன்னபோது, எடுத்துக்கொண்டிருந்த கண்ணுச்சாமி கேமராவை நிறுத்த மறந்துவிட்டான்.

அந்தக் காட்சி சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலையில் முத்துக்கருப்பன் வேலைக்குப் போனான்.

பட்டாசுக் கம்பெனிக் கேட்டில் தினமும் காலையில் சோதனை உண்டு. கையைத் தூக்கி நிற்க வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. போர்மேன் சங்கரலிங்கம் வேட்டி மடிப்பு, தலைப்பாகை, சாப்பாட்டுத் தூக்கு வரைக்கும் தடவிப் பார்ப்பார், வாயை ஊதச் சொல்லுவார். அவர் மச்சினனையே ஒரு பீடித் துண்டுக்காக வீட்டுக்கு அனுப்பினவர். அதைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளே நாலு பேர் நாலு பேராக ரூமில் உட்கார்ந்து வெடிமருந்து அடைக்கிறார்கள். ஒரு பொறி போதும்.

முத்துக்கருப்பன் கையைத் தூக்கி நின்றான். சங்கரலிங்கம் தொடவே இல்லை.

"தள்ளி நில்லுலே."

"என்னண்ணே?"

"சனிக்கிழமை தீக்குச்சி உரசுனியா இல்லையா?"

"அது நாடகம்ணே."

"உரசுனது குச்சிதான? எரிஞ்சது தீதான?"

"ஆமாண்ணே. ஆனா நான் நெசத்துல..."

"நெசத்துல எம்புட்டு நாளாப் பழக்கம்?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். இவன் ரூமில் உட்கார்கிறவள் ரோஜா. அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இவன் உக்கார்ற ரூம்ல நான் உக்கார மாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு."

"யக்கா, நாலு வருசமா உன் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

"அதத்தான்டா நெனைச்சு நேத்துப் பூராம் எனக்குப் படபடன்னு வந்துச்சு. நாலு வருசம் எப்படித் தப்பிச்சோம்னு."

"நடிப்புக்கா அது."

"நடிப்புல அப்படிக் கண்ணு சொருகுமா? எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்தாக்கூட அப்படிச் சொருகாது."

நன்றாக நடித்தது குற்றமாகப் போயிற்று. சீசன் நேரம், தீபாவளிக்கு லோடு ஏறிக்கொண்டிருக்கிறது, ஆள் பற்றாத காலம். அப்படியும் கேட் சாத்தப்பட்டது. வேறு கம்பெனிக்குப் போனான். அங்கேயும் கேபிள் இருந்தது.

வீட்டிலோ துக்கம் விசாரிப்பு. பழம், ஹார்லிக்ஸ் என்று வந்தார்கள். "மறைக்காதத்தா இருளம்மா, எங்க பெரிய கொழுந்தனாரு பேரனும் இப்படித்தான்," என்று சொந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பையன் உறங்குகிற அழகை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருளம்மாள் எல்லோரிடமும், "எம் பிள்ள நடிச்சான்," என்று சண்டை போட்டாள். சண்டை போட்டு அனுப்பிவிட்டு உள்ளே போய், கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். முத்துக்கருப்பன் அதைப் பார்த்துவிட்டான். பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டான்.

நேரே கண்ணுச்சாமியிடம் போனான். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணே, விக்னேசைத் திருத்திருங்கண்ணே. அவன் திருந்துனாத்தான் எனக்குக் கேட்டு தொறக்கும்."

கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தான். "திருத்த முடியாதுலே. அடுத்த வாரம் நீ சாகுற."

"சாகுறனா?"

"முதலாளி சொல்லிட்டாரு. சாகணும், வாயில நொரை தள்ளிச் சாகணும், பாக்குறவன் குலை நடுங்கணும்னு சொல்லிட்டாரு."

"அண்ணே, செத்தா நான் எப்படிண்ணே வேலைக்குப் போறது?"

கண்ணுச்சாமி என்னைப் பார்த்தான். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. திருந்தினவனுக்காவது வேலை கொடுப்பார்கள், போதையில் செத்தவனை யார் சேர்ப்பார்கள்?

"அதும்போக எனக்குச் சாக வராதுண்ணே, உங்களுக்கே தெரியும். தும்மிருவேன்," என்றான்.

"நொரைக்குச் சோப்புதான், குளுக்கோஸ் இல்ல. தும்மல் வராது," என்றான் கண்ணுச்சாமி ஆறுதலாக.

மறுநாள் முத்துக்கருப்பன் பஸ் ஏறிச் சிவகாசிக்கு முதலாளி வீட்டுக்கே போய்விட்டான். முதலாளி லைசென்ஸ் விஷயமாகச் சூலக்கரைக்குக் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி பொன்னுத்தங்கம். அங்கே நடந்ததைப் பாத்திரம் தேய்க்கிறவள் ஒரு விதமாகவும் முத்துக்கருப்பன் ஒரு விதமாகவும் சொன்னார்கள். ரெண்டிலும் பொதுவாக இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த அம்மாள் இவனைப் பார்த்ததும், "விக்னேசு," என்றாள். வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்ப வேண்டிய ஆளை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு தட்டில் குழைய வைத்த சோறு, காரம் இல்லாத ரசம், ஒரு டம்ளர் மோர் வந்தது.

"உறைப்புச் சேக்காதப்பா. வயிறு புண்ணா இருக்கும்."

"அம்மா, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதும்மா."

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்றாக. மேல ஒருத்தன் தெனமும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சாப்பிடு. உங்க அம்மா என்ன செய்யுறாக?"

"சட்டைய மோந்து பாக்குறாகம்மா."

பொன்னுத்தங்கம் மோர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். "அதுல ஒரு வாடையும் வராதுன்னு சொல்லு. நான் பாத்துட்டேன்."

முத்துக்கருப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே வந்த காரியத்தைச் சொன்னான். "அடுத்த வாரம் என்னையச் சாகடிக்கப் போறாகம்மா."

"யாரு?"

"முதலாளிதான் சொல்லிட்டாக."

அந்த அம்மாள் எழுந்து நின்றாள். மாடியைப் பார்த்தாள். முதலாளி எதற்காகச் சனிக்கிழமை சாயங்காலமானால் மாடி ரூமில் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

"நீ சாக மாட்ட. மோர ஊத்திச் சாப்பிடு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாவு எடுக்க எல்லாம் தயார். கண்ணுச்சாமி வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து, சோப்பு நுரை அடித்து வைத்து, அழுகிறவர்களுக்குக் காபி கொடுத்தாகிவிட்டது. மேற்பார்வை பார்க்க முதலாளி வந்து உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, "ஸாரி, எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம்," என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அப்போது கார் வந்து நின்றது. பொன்னுத்தங்கம் இறங்கினாள். அந்த அம்மாளைப் புதுப்பட்டியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"இந்தப் பையன் பொழைச்சுக்கிடணும்," என்றாள், யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல்.

"நீ எதுக்கு இங்கன வந்த? நாடகம்னா ஒரு படிப்பினை வேணும்," என்றார் முதலாளி.

"படிப்பினை யாருக்கு?"

"ஊருக்குத்தான்."

"ஊருக்கா?"

முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் நுரைப் பாத்திரத்தைப் பார்த்தோம்.

"செத்தாத்தான் பயப்படுவான். பயந்தாத்தான் விடுவான்," என்றார் குரலைத் தணித்து.

"பயந்துதான் மூணு நாளாச் சாப்பிடாம கெடக்கான். செத்துப்போறதுதான் முடிவுன்னு நீங்களே டிவி போட்டுச் சொன்னா, அவன் எதுக்குத் திருந்தணும்?"

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். நுரையை யாரோ சத்தமில்லாமல் உள்ளே எடுத்துப் போனார்கள்.

"சரி, பொழைக்கட்டும். எப்படி வேணும்னாலும் எடுத்துக்கோ," என்று கண்ணுச்சாமியிடம் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிழைக்க வைப்பது என்று முடிவான பிறகுதான் தெரிந்தது, கெடுப்பதற்கு வசனம் சொல்ல ஆள் இருந்தது, திருத்துவதற்கு இல்லை. எப்படித் திருந்துவார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. டிவி சீரியல் எதிலும் அந்தப் பகுதியைக் காட்டியதும் இல்லை. கடைசியில் விக்னேஷ் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினோம். விபூதி பூசினோம். நான் நாடியைப் பிடித்துப் பார்த்து, "இனி இவனுக்கு ஒண்ணுமில்ல," என்றேன். அவன் சூரியனைப் பார்த்து நடந்து போனான். நடுவில் ஒரு சேவுக்கடை விளம்பரம். விளம்பரம் முடிவதற்குள் பயல் முழுசாகத் திருந்திவிட்டான்.

சனிக்கிழமை அது டிவியில் வந்தது. திங்கட்கிழமை காலை முத்துக்கருப்பன் கேட்டில் நின்றான். வரிசை மொத்தமும் அவனையே பார்த்தது.

"திருந்திட்டியாம்ல," என்றார் சங்கரலிங்கம்.

முத்துக்கருப்பன் வாயைத் திறந்தான். நான் கெடவே இல்லையே என்று சொல்லத்தான் திறந்தான். போர்மேனுக்குப் பின்னால் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தான்.

"ஆமாண்ணே. விட்டுட்டேன்."

"இனிமே தொடுவியா?"

"தொட மாட்டேண்ணே."

"ம். கையத் தூக்கு."

ரோஜாகூட, "நல்லா இருப்படா. தண்ணி ஊத்துனப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு," என்று சொல்லி, தன் தூக்கில் இருந்து ஒரு முட்டையை எடுத்துக் கொடுத்தாள். யோக்கியனாக இருந்த நாலு வருஷத்தில் அவள் ஒரு முட்டை கொடுத்ததில்லை.

சீசன் முடிகிற சமயம். தருண்குமாரை முதலாளி கம்பெனிக்குக் கூட்டிவர ஆரம்பித்தார். வீட்டில் அடைத்து வைப்பதைவிட ஆபீசில் கண் முன்னால் உட்கார்ந்திருக்கட்டும் என்று அந்த அம்மாள் சொன்னதாகக் கேள்வி. காருக்குச் சங்கரலிங்கம் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிடுவார். பையன் ரொம்ப மெலிந்திருந்தான். முத்துக்கருப்பனுக்கு இருந்த பழைய முகம் இப்போது அவனுக்கு இருந்தது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் முத்துக்கருப்பன் தூக்கைத் திறந்துகொண்டிருந்தான். தருண்குமார் அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க எப்படி விட்டீங்க?"

முத்துக்கருப்பன் தூக்கை மூடிக் கீழே வைத்தான். ஊரே ஏமாந்தது போதாதென்று இந்தப் பிள்ளையுமா என்று நினைத்தானாம். தண்ணி, விபூதி, சூரியன் என்று நாடகத்தில் வந்ததைச் சொல்லலாமா என்றும் யோசித்திருக்கிறான். ஆனால் பையன் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் அதத் தொட்டதே இல்ல. நடிச்சேன். வேலைக்காகத் திருந்திட்டேன்னு சொன்னேன்."

பையன் அப்படியே நின்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. பிறகு சிரித்தான்.

"நானும் வீட்ல அதைத்தாண்ணே பண்றேன். விட்டுட்டேன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு பேண்ட் பையில் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினான். முத்துக்கருப்பன் குனிந்து பார்த்தான். சிகரெட் லைட்டர்.

அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். பத்தடி தள்ளிப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப்பக்கம் மருந்து ரூம். நாடகத்துத் தீக்குச்சிக்காகத் தன்னை வெளியே நிறுத்திய கேட்டு வழியாகத்தான், நிஜ நெருப்பு தினமும் காரில் சல்யூட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது.

"இதை வச்சுக்கங்கண்ணே. என்கிட்ட இருக்க வேண்டாம்."

முத்துக்கருப்பன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். இதைக் கையில் வாங்கினால், விக்னேஷ் மறுபடி கெட்டுவிட்டான் என்று அன்றைக்குச் சாயங்காலமே ஊர் பேசும். கேட்டு அவனுக்கு இந்த ஜென்மத்தில் திறக்காது. சத்தம் போட்டால் இந்தப் பையன் மாடி ரூமுக்கே திரும்பிப் போவான்.

"நான் தொட மாட்டேன் தம்பி. உங்க கையிலயே இருக்கட்டும். மெதுவா வாங்க, கேட்டு வரைக்கும் நடப்போம்."

ரெண்டு பேரும் நடந்தார்கள். முத்துக்கருப்பன் அவனுக்கும் மருந்து ரூமுக்கும் நடுவில் நடந்தான். கேட்டில் தருண்குமார் லைட்டரை சங்கரலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தான். "இது என்னோடது போர்மேன்," என்றான்.

சங்கரலிங்கம் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்குக்குள் விரலை விட்டுத் தேடினவர், சாம்பார் வாளியைக் கலக்கிப் பார்த்தவர், வெளியே போய் வாளித் தண்ணீருக்குள் அதைப் போட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் முதலாளி காருக்கு அவர் சல்யூட் அடிக்கவில்லை. கேட்டைத் திறக்காமல் நின்றார். கார்க் கதவு திறந்து தருண்குமார் இறங்கினான். உள்ளே இருந்த முதலாளி காரை அங்கேயே நிறுத்தச் சொன்னார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பையன் நேரே வந்து வரிசையில், முத்துக்கருப்பனுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"கையத் தூக்குலே," என்றார் சங்கரலிங்கம் முத்துக்கருப்பனிடம். தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார்.

அடுத்து அந்தத் தேய்த்த சட்டைக்கு முன்னால் நின்று, தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கையைக் கொஞ்சம் தூக்குறீகளா, தம்பி."